குதிரைத் தீனியும் இருபது கொண்டை ஊசி வளைவுகளும்

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கிறேன். கணவர் காப்பித் தோட்ட அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். கோவையில் கல்லூரியில் படிக்கும் என் மகள் விடுமுறைக்கு வந்தபோது, ஓட்ஸையும் பழத்தையும் பாலில் கலந்து ஓவனில் சுட்டுக் கொடுத்தாள். பேக்டு ஓட்மீல் என்று பெயராம். எல்லோருக்கும் பிடித்துவிட்டதால் வாரம் இரண்டு முறை செய்கிறேன். மகள் தந்த அளவு இது: 2 கப் ஓட்ஸ், 2 கப் பால், அரை டின் கண்டென்ஸ்டு மில்க், 100 கிராம் வெல்லம், 2 முட்டை, ஒரு டம்ளர் ஆரஞ்சுச் சாறு, 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர். சுட்டதும் ஆறு துண்டாக வெட்டுவோம். சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் என் அக்கா, சாறுக்குப் பதில் வாழைப்பழம் போட்டு இதையே செய்கிறாள். அழகாக உப்பி வருகிறது. எங்கள் வீட்டில் முதலில் எழும்பி, பிறகு நடுவில் குழி விழுகிறது. ஓரம் வறண்டு, அடியில் தண்ணீர் நிற்கிறது.

என் மாமியாருக்கு 71 வயது. 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இன்சுலின் இல்லை, மாத்திரைதான். ஓட்ஸ் நல்லது என்பதால் காலையில் மூன்று இட்லிக்குப் பிறகு அவருக்கும் ஒரு துண்டு கொடுக்கிறேன். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் வெல்லம்தானே, பயமில்லை என்று நினைக்கிறேன். சரியா? எங்கள் பக்கத்துப் பழங்களில் எதையெல்லாம் சேர்க்கலாம்? மாமியாரோ, "வீட்டில் சாமை இருக்கும்போது எதற்கு இந்தக் குதிரைத் தீனி?" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்ல?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஏற்காடு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

குழி விழுந்த கதையைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த மூன்று இட்லி.

சேலத்தில் என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன். "வழக்கம்போல இட்லிதான். கூடவே கொஞ்சம் ஓட்ஸ், உடம்புக்கு நல்லதாயிற்றே" என்று பெருமையாகச் சொல்வார்கள். சாப்பாடு முடிந்ததும் மாத்திரை போட்டுக்கொள்வதைப்போல ஓட்ஸையும் போட்டுக்கொள்கிறோம். அது மாத்திரை இல்லை, தானியம். 100 கிராம் ஓட்ஸை எடுத்துக்கொண்டால் அதில் சுமார் 10 கிராம் நார்ச்சத்தும் 13 கிராமுக்குக் குறையாத புரதமும் இருப்பது உண்மை. ஆனால் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். இட்லிக்குப் பதிலாகச் சாப்பிட்டால் அது பலகாரம். இட்லிக்கு மேல் சாப்பிட்டால் இன்னொரு வேளைச் சோறு.

உங்கள் மகள் தந்த அளவை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓட்ஸ், பால், கண்டென்ஸ்டு மில்க், வெல்லம், ஆரஞ்சுச் சாறு எல்லாம் சேர்ந்து ஒரு துண்டில் ஏறத்தாழ 60 கிராம் மாவுச்சத்து வருகிறது. மூன்று இட்லியில் ஒரு 35 கிராம். ஆக, 71 வயதுச் சர்க்கரை நோயாளி ஒருவர் காலை ஒரு வேளையிலேயே 95 கிராம் சாப்பிடுகிறார். அவருடைய மருத்துவர் இதைக் கேட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் கேட்பார்.

அந்த 60 கிராமில் பாதிக்கு மேல் நேரடியான இனிப்பு. அரை டின் கண்டென்ஸ்டு மில்க் என்றால் சுமார் 200 கிராம். அதில் 110 கிராம் சர்க்கரை. வெல்லத்தைப் பற்றி நம் ஊரில் ஒரு பாசம் உண்டு, எனக்கும் உண்டு. செவ்வாய்ப்பேட்டை மண்டியில் பார்த்துப் பார்த்து வாங்கிய வெல்லமாகவே இருக்கட்டும், அதில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் சர்க்கரைதான். இரும்புச்சத்து இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, ஆனால் அந்த இரும்புக்காக வெல்லம் சாப்பிடுவது, வெள்ளி ஜரிகைக்காகப் புடவையை எரிப்பது போன்றது. தேனும் கருப்பட்டியும் இதே குடும்பம். ரத்தத்துக்குள் போனபின் இது வெல்லத்திலிருந்து வந்தது, இது சீனியிலிருந்து வந்தது என்று உடம்பு பிரித்துப் பார்ப்பதில்லை. ஆக, வெல்லமும் கண்டென்ஸ்டு மில்க்கும் மட்டுமே ஒரு துண்டுக்கு 32 கிராம் சர்க்கரையைக் கொண்டுவருகின்றன. இப்படிச் சேர்க்கும் இனிப்பு நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, அதுவும் நோய் எதுவும் இல்லாதவர்களுக்கு.

மகளைத் திட்டாதீர்கள். அவள் செய்தது அருமையான தின்பண்டம். அதற்கு ஆரோக்கிய உணவு என்று பெயர் வைத்ததுதான் பிழை, அந்தப் பிழையை அவள் தொடங்கிவைக்கவும் இல்லை.

இனி ஓட்ஸ். அதற்கு இவ்வளவு நல்ல பெயர் எதனால் வந்தது என்று தெரிந்தால், எதை வாங்குவது, எப்படிச் சுடுவது என்பதும் தெளிவாகிவிடும். ஓட்ஸ் கஞ்சி ஆறினால் கரண்டியில் வழவழவென்று ஒட்டுமே, அந்த வழவழப்புக்குக் காரணம் பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்து. வயிற்றுக்குள்ளும் அது அப்படித்தான் கூழாகிறது. அந்தக் கூழுக்குள் மாட்டிக்கொண்ட மாவுச்சத்து மெதுவாகத்தான் சர்க்கரையாகி ரத்தத்துக்குப் போகிறது. அந்தக் கூழ் பித்தநீரையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது; இழந்த பித்தநீரைத் திரும்பத் தயாரிக்க ஈரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. ஓட்ஸ் இதய நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கக்கூடும் என்று பொட்டலத்தில் அச்சிட அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இல் அனுமதி கொடுத்தது இதை வைத்துத்தான். ஆனால் அதற்கு நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன் வேண்டும். அதாவது சுமார் 75 கிராம் ஓட்ஸ். உங்கள் துண்டு ஒன்றில் இருப்பது 33 கிராம். வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு. தயவுசெய்து அந்த வேலை வேண்டாம்.

கடையில் மூன்று விதமாக விற்கிறார்கள். தானியத்தை இரண்டு மூன்றாக வெட்டியது ஒன்று; ரவையைவிடப் பெரிய நொய் போல இருக்கும். ஆவியில் வேகவைத்து உருளையில் நசுக்கித் தட்டையாக்கியது இரண்டாவது. கெட்டி அவல் போல முழுத் தகடாக இருக்கும். மூன்றாவது இன்ஸ்டன்ட். அதே தகட்டை இன்னும் மெல்லிசாக நசுக்கி, முன்கூட்டியே வேகவைத்து உலர்த்தியது. எவ்வளவு நசுக்குகிறார்களோ அவ்வளவு சீக்கிரம் செரித்து, அவ்வளவு சீக்கிரம் சர்க்கரையும் ஏறும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது வகை. பொட்டலத்தில் ரோல்டு ஓட்ஸ் என்று போட்டிருக்கும். இன்ஸ்டன்ட் ஓட்ஸில் சுட்டால் களி போல வரும், சர்க்கரைக்கும் ஆகாது. வெட்டிய ஓட்ஸ் சர்க்கரைக்கு நல்லதுதான், ஆனால் முதல் நாள் இரவே பாலில் ஊறப்போட்டுக் குளிர்பெட்டியில் வைக்காவிட்டால் பல்லில் கடிபடும். மசாலா, பழச்சுவை என்று சேர்த்து விற்கும் சிறு பொட்டலங்களை வாங்கவே வேண்டாம். பொட்டலத்தின் பின்பக்கம் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். ஓட்ஸ் என்ற ஒரே சொல்தான் இருக்க வேண்டும்.

இப்போது குழிக்கு வருவோம். அக்காவுக்குக் கைவந்தது உங்களுக்கு ஏன் வரவில்லை? கைராசி கிடக்கட்டும். உங்கள் இருவருக்கும் நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன.

அஸ்தம்பட்டியில் ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினால், ஏற்காடு ஏரிக்கு வந்து சேர்வதற்குள் அது தலையணை மாதிரி உப்பிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் காற்று அதேதான். வெளியே அழுத்தம் குறைந்துவிட்டது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. பேக்கிங் பவுடர் உண்டாக்கும் குமிழிகளும் அந்த சிப்ஸ் பாக்கெட் போலத்தான் உங்கள் ஓவனுக்குள் வேகவேகமாக உப்புகின்றன. முட்டையும் மாவும் வெந்து கெட்டிப்பட்டு அவற்றைத் தாங்கிப் பிடிப்பதற்கு முன்பே உடைந்துவிடுகின்றன. முதலில் எழும்பிப் பிறகு குழி விழுவது இதனால்தான். இன்னொன்று, உங்கள் ஊரில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைக்க எவ்வளவு நேரமாகிறது என்பது உங்களுக்குத் தெரியாததா? ஈரம் சீக்கிரம் ஆவியாகிறது, அதனால் ஓரம் காய்கிறது. உள்ளே மெதுவாக வேகிறது, அதனால் நடு வேகாமல் நிற்கிறது.

எனவே ஏற்காட்டுக்கென்று மூன்று மாற்றங்கள். பேக்கிங் பவுடரை 2 தேக்கரண்டியிலிருந்து ஒன்றேகால் தேக்கரண்டிக்குக் குறையுங்கள். பாலை மூன்று நான்கு மேசைக்கரண்டி கூட்டுங்கள். அக்கா 180 டிகிரியில் சுடுகிறார் என்றால் நீங்கள் 190இல் சுடுங்கள். குமிழிகள் உடைவதற்குள் மேற்பகுதி கெட்டிப்படட்டும். முதல் 20 நிமிடம் மேலே அலுமினியத் தாளைத் தளர்வாக மூடி வையுங்கள், ஓரம் வறளாது.

அடியில் தண்ணீர் நிற்பதற்கும் மலைக்கும் சம்பந்தமில்லை. அது ஆரஞ்சுச் சாறு செய்த வேலை. பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிந்து பன்னீர் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் போகிறதல்லவா, அதேதான் உங்கள் பாத்திரத்துக்குள்ளும் நடக்கிறது. சாற்றை அப்படியே விட்டுவிடுங்கள். ஆரஞ்சு வாசனை வேண்டுமானால் உங்கள் மரத்துப் பழத்தைக் கழுவி, மேல்தோலின் மஞ்சள் பகுதியை மட்டும் மெல்லத் துருவிச் சேருங்கள். வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும். சுளையை ஓவனில் வைக்காமல் தட்டில் பக்கத்தில் வையுங்கள். சாறாகக் குடிப்பதைவிடச் சுளையாகச் சாப்பிடுவது மாமியாருக்கு நல்லதும்கூட. நார் போகாமல் இருக்கும்.

மற்றப் பழங்கள். உங்கள் ஊரின் பேரிக்காய்தான் இந்தச் சமையலுக்காகவே பிறந்தது. சும்மா கடித்தால் கல் மாதிரி இருக்கிறது என்று சுற்றுலாக்காரர்கள் முகம் சுளிக்கும் அதே காய், ஓவனில் 40 நிமிடம் இருந்தால் உருக்குலையாமல் மெத்தென்று ஆகிவிடும். தோலைச் சீவ வேண்டாம், நார்ச்சத்தில் நல்ல பங்கு அங்கேதான் இருக்கிறது. சிறு துண்டுகளாக நறுக்கிப் போடுங்கள். நன்றாகக் கனிந்து தோலில் கரும்புள்ளி விழுந்த வாழைப்பழம் இரண்டை மசித்துச் சேர்த்தால் இனிப்புக்கு அதுவே போதும். பழுக்கப் பழுக்க வாழைப்பழத்தின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். அதனால் ஆறு துண்டுக்கு இரண்டு பழம், அதற்கு மேல் இல்லை.

கொய்யாவைச் சுட வேண்டாம். அதன் பெருமையான வைட்டமின் சி சூட்டில் பெருமளவு போய்விடும், விதை பல்லில் மாட்டும், பச்சையாகவே சாப்பிடுங்கள். உங்கள் ஊர்ச் சாலையோரத்தில் பட்டர் ஃப்ரூட் என்று விற்கும் வெண்ணெய்ப் பழத்தைச் சுட்டால் கசந்துவிடும், அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். பலாச்சுளை வாசனைக்கு இரண்டு மூன்று போதும், அதில் சர்க்கரை அதிகம். பப்பாளியும் அன்னாசியும் பச்சையாகப் பாலில் கலந்தால் அவற்றில் உள்ள நொதிகள் பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கும். கட்டாயம் போட வேண்டுமென்றால் தனியாக ஒரு கொதி விட்டு ஆறவைத்துப் போடுங்கள். மாம்பழக் காலத்தில் அக்கா கீழேயிருந்து மல்கோவா கொடுத்தனுப்பினால், அதை ஓவன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இது உணவியல் ஆலோசனை அல்ல, சேலத்துக்காரியின் வேண்டுகோள்.

சரி, செய்முறை. 20 சென்டிமீட்டர் சதுரப் பாத்திரம் ஒன்றில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். ஓவனை 15 நிமிடம் முன்பாகவே சூடாக்குங்கள்; உங்கள் ஊர்க் குளிருக்கு இதைத் தவறவிடக் கூடாது. முட்டையும் பாலும் குளிர்பெட்டியிலிருந்து நேராக வராமல் கொஞ்ச நேரம் வெளியே இருக்கட்டும். மசித்த வாழைப்பழம் இரண்டு, முட்டை இரண்டு, கடலை எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, நீலப் பாக்கெட் பால் 2 கப்பும் அதற்கு மேல் மூன்று நான்கு மேசைக்கரண்டியும், அரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றை அடித்துக் கலக்குங்கள். உப்பைத் தவிர்க்க வேண்டாம். அது இல்லாவிட்டால் இனிப்பு தெரியாது, தெரியாவிட்டால் கை வெல்ல டப்பாவைத் தேடும். அதில் 200 கிராம் ஓட்ஸ், உடைத்த வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, ஆரஞ்சுத் தோல் துருவல், சுக்குத்தூளும் ஏலக்காயும் சேர்த்து 20 நிமிடம் ஊறவிடுங்கள். பட்டைத்தூள் பிடித்தால் போடலாம், மணத்துக்காக மட்டும். பட்டை சர்க்கரையைக் குறைக்கும் என்று நம்பிக் கரண்டி கரண்டியாகப் போடாதீர்கள். கடைசியில்தான் பேக்கிங் பவுடர். அது ஈரம் பட்டதுமே வேலையைத் தொடங்கிவிடும், முதலிலேயே போட்டு ஊறவைத்தால் பாதிச் சக்தி வீணாகும். பாத்திரத்தில் ஊற்றி, இரண்டு பேரிக்காயின் துண்டுகளை மேலே பரப்பி, 190 டிகிரியில் 40 நிமிடம். நடுவில் கத்தியைக் குத்தி எடுத்தால் ஈரப்பசை இருக்கலாம், பால் வழியக் கூடாது. வழிந்தால் இன்னும் 5 நிமிடம். வெளியே எடுத்ததும் வெட்டாமல் கால் மணி நேரம் பொறுங்கள். அந்த நேரத்தில்தான் ஓட்ஸ் மிச்ச ஈரத்தைக் குடித்துக் கெட்டிப்படும்.

முதல் இரண்டு முறை "இனிப்பே இல்லை" என்று வீட்டில் முணுமுணுப்பு எழும். மற்றவர்களுக்கு வேண்டுமானால் அவரவர் துண்டின் மேல் ஒரு தேக்கரண்டி வெல்லப் பாகு ஊற்றிக்கொள்ளட்டும். பாத்திரத்துக்குள் போட்டால்தான் எல்லோர் தலையிலும் விழுகிறது.

முட்டை சேராத நாட்களுக்கு, ஒரு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துச் சேருங்கள். புரட்டாசி முழுவதும் இதை வைத்தே ஓட்டலாம். துண்டு கொஞ்சம் தளதளப்பாக வரும், அவ்வளவுதான். மீந்ததைக் குளிர்பெட்டியில் மூன்று நாள் வைத்துக்கொள்ளலாம். சாப்பிடும்போது தோசைக்கல்லில் மூடிபோட்டுச் சூடாக்கினால் அடி மொறுமொறுப்பாக, முதல் நாளைவிட நன்றாக இருக்கும்.

இந்த அளவில் ஒரு துண்டில் சுமார் 38 கிராம் மாவுச்சத்தும் 10 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலான புரதமும் இருக்கும். அதாவது உங்கள் மாமியாரின் மூன்று இட்லிக்கு இது நிகர். எனவே அன்றைக்கு இட்லி கிடையாது. துண்டும், பக்கத்தில் ஒரு அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ இருந்தால் மதியம் வரை தாங்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதுவரை 95 கிராம் சாப்பிட்டு வந்தவர் நாளைக் காலையிலிருந்து திடீரென்று 38 கிராமுக்கு இறங்குகிறார். கிளிமெபிரைடு போன்ற சில மாத்திரைகள், நாம் குறைவாகச் சாப்பிட்டோமா நிறையச் சாப்பிட்டோமா என்று பார்க்காமல் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். உங்கள் மாமியார் சாப்பிடும் மாத்திரையின் பெயரைக் கடிதத்தில் எழுதவில்லை. மாற்றத்தைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, படபடப்பு வந்தால் உடனே சோதித்துப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால், அந்த நேரத்தில் மட்டும், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதியுங்கள். சிறுநீரகக் கோளாறு இருக்கிறது என்று எப்போதாவது சொல்லியிருந்தால் வாழைப்பழம், கடலை, ஓட்ஸ் மூன்றுக்கும் அளவு மாறும். அதையும் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக மாமியாரின் கேள்வி. குதிரைத் தீனி என்பது பொய்யில்லை, ஐரோப்பாவில் குதிரை ஓட்ஸ் தின்றுதான் ஓடியது. ஆனால் நம் ஊரில் குதிரைக்குப் போட்டது கொள்ளு. கொள்ளு ரசம் வைத்த அன்று உங்கள் மாமியார் இரண்டாம் முறை சோறு கேட்பாரா மாட்டாரா என்று விசாரியுங்கள். வெளியூர்ச் சரக்கு என்று தள்ளுவதென்றால், உங்கள் மலையின் காப்பி, ஆரஞ்சு, பேரிக்காய் எல்லாமே 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்டவை என்பார்கள். அவற்றை யாரும் இப்போது வெளியூர்ப் பழம் என்று சொல்வதில்லை.

ஆனாலும் அவர் சொல்வதில் பாதி நியாயம் என்றே எனக்குப் படுகிறது. சேர்வராயன் மலைக் கிராமங்களில் சாமை தலைமுறை தலைமுறையாக விளைந்த தானியம். அதிகம் தீட்டாத, மங்கலான நிறமுள்ள சாமையில் நார்ச்சத்தும் இருக்கிறது. ஓட்ஸின் அந்த வழவழப்பு மட்டும் அதில் கிடையாது. அதனால்தான் சாமையை மட்டும் வைத்துச் சுட்டால் துண்டு துண்டாக நில்லாமல் உதிர்ந்துவிடுகிறது. நானும் ஒரு முறை செய்து, கடைசியில் கரண்டியால் வழித்துச் சாப்பிட வேண்டியதாயிற்று. பாதிப் பாதியாகச் செய்தால் நிற்கிறது. 100 கிராம் ஓட்ஸ், உதிரியாக வேகவைத்து ஆறிய சாமைச் சோறு ஒரு கப், பாலை ஒன்றேகால் கப்பாகக் குறைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் முன் சொன்னபடியே. கொஞ்சம் கரடுமுரடாக, வாயில் மெல்லும்படி இருக்கும். எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்.

எது அவருக்கு ஒத்துவருகிறது என்பதை நானோ உங்கள் மகளோ சொல்வதைவிட அவருடைய விரல் நுனி சரியாகச் சொல்லும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கும் அல்லவா? ஒரு நாள் மூன்று இட்லி மட்டும், ஒரு நாள் ஓட்ஸ் துண்டு மட்டும், ஒரு நாள் சாமை கலந்த துண்டு மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு நாளும் சாப்பிடுவதற்கு முன் ஒரு முறை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை பாருங்கள். மாத்திரையும் காலை நடையும் மூன்று நாளும் ஒரே மாதிரி இருக்கட்டும். இரண்டாவது அளவு 180க்குள் இருப்பது நல்லது; மருத்துவர் வேறு எண் சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. ஆறு எண்களையும் மாத்திரையின் பெயரையும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள், துண்டின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று பார்த்துச் சொல்கிறேன். சாமைத் துண்டு எப்படி இருந்தது என்று மாமியார் சொன்னதையும் அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள்.